தேயும் தகடு, தேயாத கோப்பு

1775ஆம் ஆண்டு வாக்கில், லண்டனில் வாழ்ந்த வில்லியம் பெய்லி என்ற அயர்லாந்து ராணுவ கேப்டனிடம் ஒரு பழைய செப்புத் தகடு வந்து சேர்ந்தது. அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்பு ரெம்பிராண்ட் தம் கையால் கீறிய தகடு அது. நோயாளிகளும் ஏழைகளும் குழந்தைகளும் சூழ்ந்திருக்க நடுவில் இயேசு நிற்கும் அந்தப் படத்தை 'நூறு கில்டர் அச்சு' என்றே இன்றும் அழைக்கிறார்கள். ரெம்பிராண்ட் உயிரோடிருந்தபோதே அதன் ஒரு பிரதிக்கு நூறு கில்டர் கைமாறியது என்ற பேச்சு பரவி, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பெய்லியின் கைக்கு வந்தபோது தகடு நன்றாகத் தேய்ந்திருந்தது. மங்கிப்போன கோடுகளை அவரே மறுபடி செதுக்கி ஆழமாக்கினார். சுமார் 100 பிரதிகள் அச்சிட்டார். பிறகு தகட்டை நான்கு துண்டுகளாக வெட்டிவிட்டார்.

இனி முழுப் படத்தை எவரும் அச்சிட முடியாது என்று வாங்குபவருக்குக் காட்ட அதைவிடத் தெளிவான வழி இல்லை. வெட்டிய துண்டுகளிலிருந்தும் அவர் தனித்தனிப் படங்கள் எடுத்தார் என்பது வேறு விஷயம். ரெம்பிராண்டின் வரலாற்றில் பெய்லிக்கு நல்ல பெயர் இல்லை. மேதையின் தகட்டில் கைவைத்தவர் என்ற குறை அவர்மேல் இன்றும் உண்டு. ஆனாலும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து ஓர் அச்சோவியத்தை விற்கும் பழக்கத்தின் கதையைச் சொல்லும்போது அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் ரெம்பிராண்ட் எத்தனை பிரதிகள் எடுத்தோம் என்று கணக்கு எழுதி வைத்தவர் அல்லர். எந்தப் பிரதியிலும் எண் இட்டவரும் அல்லர். அவர் காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. கணக்கைச் செம்பே பார்த்துக்கொண்டது.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ட்ரைபாயின்ட் என்ற முறையில், கூரிய ஊசியால் செம்பை நேரடியாகக் கீறுவார்கள். உழவு சாலின் ஓரத்தில் மண் எழும்பி நிற்பதுபோல், கீறலின் ஓரத்தில் செம்பு மெல்லிய பிசிறாக எழும்பி நிற்கும். மை அந்தப் பிசிறில் பிடித்துக்கொள்வதால்தான் அச்சில் கோடு வெல்வெட் போல மென்மையாகப் படர்ந்து தெரிகிறது. அச்சு எந்திரத்தின் உருளை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்தப் பிசிறு சிறிது நசுங்கும். பத்து இருபது பிரதிகள் செழிப்பாக வரும். அதற்குப் பிறகு கோடு வெறும் கோடாகிவிடும். அமிலத்தால் அரித்தெடுக்கும் எட்சிங் தகடு இதைவிடத் தாங்கும், நூறு இருநூறு பிரதிகள் வரை ஈடுகொடுக்கும். ஆகவே அன்று முதல் பிரதிக்கும் ஐம்பதாவது பிரதிக்கும் இடையிலிருந்த வேறுபாடு கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய வேறுபாடு. வாங்குபவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, கறுப்பு எவ்வளவு ஆழமாக நிற்கிறது என்று பார்த்தே விலை பேசினார். ரெம்பிராண்ட் ஒரே தகட்டைப் பலமுறை திருத்தி, ஒவ்வொரு நிலையிலும் சில பிரதிகள் எடுத்தார். சிலவற்றை ஜப்பானியத் தாளில் எடுத்தார். அவற்றைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் அவர் நாளிலேயே இருந்தார்கள்.

ஜப்பானில் கதை வேறு. 1831 வாக்கில் ஹொகுசாய் வரைந்த 'கனகாவா பேரலை' செர்ரி மரக்கட்டையில் செதுக்கப்பட்டு, கடைத்தெருவில் விற்கப்பட்டது. ஒரு பிரதியின் விலை இரண்டு கிண்ணம் நூடுல்ஸின் விலையை ஒட்டியே இருந்தது என்று சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டது, எட்டாயிரம் வரை போயிருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. வரம்பு என்று எதுவும் இல்லை. கட்டை தாங்கும் வரை அச்சிட்டார்கள். சுவரில் ஒட்டினார்கள், மடித்து வைத்தார்கள், வெயிலில் விட்டார்கள், கிழிந்ததும் எறிந்தார்கள். இன்று அடையாளம் காணப்பட்டிருப்பவை நூற்றுச் சொச்சம்தான். அவற்றிலும் முதலில் எடுத்தவை எவை, பிந்தியவை எவை என்பதைக் கட்டையின் தேய்மானத்தைக் கொண்டே அறிஞர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். தலைப்பு எழுதிய கட்டத்தின் கோடு எங்கே உடைந்திருக்கிறது, வானத்து மேகத்தின் இளஞ்சிவப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள். 2023 மார்ச்சில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில் நல்ல நிலையிலிருந்த ஒரு பேரலை 27.6 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் 22 கோடி ரூபாய்க்கு மேல். எவரும் திட்டமிட்டு உண்டாக்கிய அருமை அன்று அது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு தீயும் நீரும் கவனக்குறைவும் சேர்ந்து செய்த கழித்தல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த இயற்கைக் கணக்கு முறிந்தது. செப்புத் தகட்டின் மேல் மின்முலாம் பூசி, மயிரிழையிலும் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். நூறோடு தளர்ந்த தகடு ஆயிரங்களைத் தாங்கியது. கல்லச்சு ஏற்கெனவே ஆயிரங்களைத் தந்துகொண்டிருந்தது. புகைப்படம் வந்து படத்தைப் பெருக்கும் வேலையையே தன்னிடம் எடுத்துக்கொண்டது. இனி 'குறைவாகத்தான் கிடைக்கும்' என்பதைப் பொருள் சொல்லாது, ஆள்தான் சொல்ல வேண்டும் என்றாயிற்று.

அப்படிச் சொல்லக் கற்றவர்களில் ஓவியர் விஸ்லர் முக்கியமானவர். கடனில் நொடித்துப்போன அவரை லண்டனின் ஃபைன் ஆர்ட் சொசைட்டி 1879இல் வெனிஸுக்கு அனுப்பியது. பன்னிரண்டு எட்சிங் தகடுகள் செய்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. 1880இல் அந்தத் தொகுப்பு, நூறு பிரதிகள் மட்டும் என்ற அறிவிப்போடு, 50 கினி விலையில் வெளிவந்தது. ஒவ்வொரு தாளையும் விஸ்லர் தாமே மை தடவி, தாமே துடைத்து, தாமே அச்சிட விரும்பினார். அதனால் அந்த நூறைப் பூர்த்தி செய்யப் பல ஆண்டுகள் இழுத்தன. தாளின் ஓரத்தைப் படத்தின் விளிம்பு வரை வெட்டிவிட்டு, கீழே ஒரு சிறு நாக்கு மட்டும் விட்டு, அதில் பென்சிலால் தம் பட்டாம்பூச்சிக் குறியைப் போடுவார். அவரும் அவருடைய மைத்துனர் சீமோர் ஹேடனும் பழக்கிவிட்ட பென்சில் கையெழுத்துதான் இன்று ஒவ்வோர் அச்சோவியத்தின் அடியிலும் நாம் தேடும் கையெழுத்து. முந்தைய காலத்து ஜெர்மானிய ஓவியர் டியூரர் தகட்டிலும் கட்டையிலும் தம் பெயரின் முதலெழுத்துக்களைச் செதுக்கினார், அது பிரதியோடு சேர்ந்தே அச்சாகும். விஸ்லரின் பென்சில் அச்சான பிறகு வருவது, இந்தத் தாளை நான் பார்த்தேன் என்று சொல்வது.

இதே காலத்தில் இந்தியாவில் நேர் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. ரவிவர்மாவின் ஓவியங்கள் அரண்மனைகளுக்குள் அடைந்து கிடப்பதைக் கண்டு, அவற்றில் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராப்பாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பலாம் என்று யோசனை சொன்னவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர். ரவிவர்மா வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. 1894இல் பம்பாயின் கிர்காமில் சொந்த அச்சகமே தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து எந்திரம், ஜெர்மனியிலிருந்து தொழில்நுட்ப வல்லுநர், அச்சுக்கல்லும் அங்கிருந்தே வந்தது. ஒரு நிறத்துக்கு ஒரு கல். எல்லா நிறமும் ஏறிய பிறகு மேலே வார்னிஷ். பார்ப்பவருக்கு எண்ணெய் ஓவியம் போலவே பளபளப்பு. சில ஆண்டுகளில் அச்சகம் லோணாவலாவுக்கு அருகிலுள்ள மாளவ்லிக்கு இடம் மாறியது. பிறகு கடன் அழுத்தவே, அங்கு வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்கப்பட்டது.

அந்தப் படங்களில் எண் கிடையாது, கையெழுத்துக் கிடையாது, வரம்பு கிடையாது. எத்தனை அதிகம் போகிறதோ அத்தனை நல்லது என்பதே நோக்கம். தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணையோடு அமர்ந்த சரஸ்வதியும் கோயிலுக்குள் போக அனுமதி இல்லாதவர்களின் வீட்டுச் சுவருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சோப்பு விளம்பரத்திலும் தீப்பெட்டியிலும் துணி மூட்டையின் சீட்டிலும் ஏறினார்கள். அந்த முக அமைப்பும் புடவைக் கட்டும் பிறகு நம் பக்கத்துக் காலண்டர்களுக்கும் வந்தன. கோவில்பட்டியில் கொண்டையராஜூவும் அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசி அச்சிட்டு, தமிழ்நாட்டின் ஒவ்வொரு மளிகைக் கடையிலும் தொங்கிய முருகனுக்கும் மீனாட்சிக்கும் பின்னால் அந்த மாளவ்லி அச்சகத்தின் நிழல் உண்டு. ஒரு கலைஞரின் படம் எத்தனை பேரைத் தொட முடியும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் இதைவிடப் பெரிய பதில் கிடையாது என்பது என் எண்ணம்.

1972இல் அந்த அச்சகம் தீக்கிரையானது. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய சட்டங்களுக்கு நடுவே, ஒரு ரவிவர்மா கல்லச்சுப் படத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் கையில் பூதக்கண்ணாடி இருக்கிறது. பிற்காலத்து ஆஃப்செட் நகல் என்றால் கண்ணாடிக்குள் புள்ளிகள் ஒழுங்கான பூவிதழ் வரிசையில் நிற்கும். கல்லச்சு என்றால் புள்ளிகள் ஒழுங்கற்று, மணல் தூவினாற்போல, ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் ஓரத்தில் சற்றே வழிந்து இருக்கும். படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் எழுதிய வரி வெட்டப்படாமல் இருக்க வேண்டும், அதற்கு ஒரு விலை. அந்த வீட்டுப் பெண்கள் அம்மனின் புடவைமேல் ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்திருந்தால் அதற்கு இன்னொரு விலை. அன்று அந்தத் தையல் வெறும் பக்தி. இன்று அது அந்தப் பிரதியை மற்ற எல்லாப் பிரதிகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம். எண்ணே இல்லாத படத்துக்கு, வீட்டில் இருந்த ஒரு கை தனி இருப்பைக் கொடுத்திருக்கிறது. நூறாண்டு கடந்தவை சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடுகின்றன, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

எண்ணிட்ட பதிப்பு என்ற வழக்கம் இந்தியக் கலைஞர்களிடம் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அதில் எனக்கு மிகப் பிடித்தவர் கிருஷ்ண ரெட்டி. 1925இல் அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்து, சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்துவிட்டு லண்டன் போனவர். பிறகு பாரிஸில் ஹேய்ட்டர் நடத்திய அட்லியே 17 பட்டறையில் சேர்ந்தார். ஒரு நிறத்துக்கு ஒரு தகடு என்று அதுவரை இருந்ததை மாற்றி, ஒரே தகட்டில் பல நிறம் ஏற்றும் முறையை அங்கே கைக்கோ மோத்தி என்ற இன்னோர் இந்தியரும் இவரும் ஹேய்ட்டரும் சேர்ந்து உருவாக்கினார்கள். தகட்டைப் பல ஆழங்களில் அரித்துக்கொள்வார்கள். எண்ணெய் கூட்டி இளக்கிய மையைக் கெட்டியான உருளையால் உருட்டினால் அது மேட்டில் மட்டும் ஒட்டும். அடுத்துக் கெட்டி மையை மெத்தென்ற உருளையால் உருட்டினால் அது பள்ளம் வரை இறங்கும், ஆனால் ஏற்கெனவே இளகிய மை இருக்கும் இடத்தில் ஒட்டாது. மையின் பசைத்தன்மையே நிறங்களைப் பிரித்து வைக்கிறது. 1963இல் அவர் செய்த 'சுழல்' என்ற படத்தைப் பார்த்தால், நீலங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் மீள்வது ஒரே தகட்டிலிருந்து வந்தது என்று நம்ப மனம் தயங்கும்.

இப்படியொரு தகட்டை அச்சிடுவது என்ன வேலை என்று தெரிந்தால் 12/50 என்ற பென்சில் எழுத்தின் எடை தெரியும். சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி போன்ற இடங்களின் பட்டறைகளில் இன்றும் அந்த வேலையைப் பார்க்கலாம். தாளை முன்கூட்டியே நனைத்து, ஈரம் சீராகப் பரவும்படி அடுக்கி வைக்கிறார்கள். தகட்டைச் சூடாக்கி, கோடுகளுக்குள் மையைத் தேய்த்து இறக்குகிறார்கள். கஞ்சி போட்ட வலைத்துணியால் மேல் மையை வட்டம் வட்டமாக எடுக்கிறார்கள். கடைசித் துடைப்பு உள்ளங்கையால். அந்த ஒரு துடைப்பில் அழுத்தம் கூடினால் படம் வெளிறும், குறைந்தால் இருளும். தகட்டை எந்திரப் படுகையில் வைத்து, மேலே ஈரத்தாள், அதன்மேல் கம்பளி. சக்கரத்தைச் சுற்றினால் படுகை உருளைகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறது. தாளின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரிக்கும்போது படம் வருகிறது, தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளத்தோடு. அடுத்த பிரதிக்கு எல்லாம் முதலிலிருந்து. ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சில பிரதிகள்தான் தேறும்.

தேறியவற்றில் ஒன்றைக் கலைஞர் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, மற்றவை அதை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். ஒத்தவற்றுக்கு மட்டும் எண். மேலே உள்ள எண் பிரதியுடையது, கீழே உள்ளது மொத்தப் பதிப்பு. இவற்றுக்கு வெளியே 'ஏ.பி.' என்று குறித்துக் கலைஞர் தமக்கென்று சில பிரதிகள் வைத்துக்கொள்வார், வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு. எல்லாம் முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறிவிடுவதும், கீறியதற்குச் சான்றாக அந்தக் கீறலோடு ஒரு பிரதி எடுத்து வைப்பதும் உண்டு. 1/50 என்பதற்கு 37/50ஐவிட விலை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ட்ரைபாயின்டில் அதற்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. மற்றவற்றில் எண் இடுவது தாள்கள் காய்ந்து அடுக்கிய வரிசையில்தான், அச்சான வரிசையில் அல்ல. எந்த எண் என்பதைவிட, தாள் மடிந்திருக்கிறதா, பழுத்திருக்கிறதா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, மை செழிப்பாக விழுந்திருக்கிறதா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும்.

எண்ணின் மீதும் கையெழுத்தின் மீதும் வாங்குபவர் வைக்கும் நம்பிக்கையை எப்படிக் காப்பது என்று யோசித்தவர்கள் இருந்தார்கள். ஜூன் வேய்ன் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, பிறகு அல்புகெர்க்கிக்குப் போன டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறையில், ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆவணத்தாள் எழுதினார்கள். எந்தத் தாள், எத்தனை பிரதி, எத்தனை சோதனைப் பிரதி, யார் அச்சிட்டது, கல் எப்போது அழிக்கப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். தேவகோட்டையில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஆர்.எம். பழனியப்பன் 1991இல் அங்கே போய்ப் பயின்று வந்தார். கையால் செய்த அச்சுக்கும் எந்திர நகலுக்கும் சட்டமும் ஒரு கோடு போட்டது. நம் சுங்கத் தீர்வை அட்டவணையின் 97ஆம் அத்தியாயம், கலைஞர் முழுவதும் கையால் செய்த தகட்டிலிருந்து நேரே எடுத்தால்தான் அசல் அச்சு, எந்திர முறையோ ஒளிப்பட முறையோ சேர்ந்தால் அன்று என்கிறது. உலகெங்கும் அதே வாசகம்தான். வார்ஹால் புகைப்படத்திலிருந்து திரையச்சு செய்த காலம் முதலே அந்தக் கோடு நெருடிக்கொண்டிருக்கிறது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்களும் இருந்தார்கள். சால்வடோர் டாலி வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். படம் பிறகு வரும், கையெழுத்து முன்னால். 1974இல் அண்டோராவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லாரியை பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் நிறுத்தியபோது அதில் அவர் கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. அதன் விளைவை இன்றும் அவருடைய பிற்கால அச்சுகள் அனுபவிக்கின்றன. கையெழுத்து உண்மையாக இருந்தும் ஏல நிறுவனங்கள் தயங்குகின்றன. 'இந்தத் தாளை நான் பார்த்தேன்' என்பதற்காகத் தோன்றிய பென்சில் கோடு, பார்க்காத தாளின் மேல் விழுந்ததால் வந்த வினை.

இனி நம் நாள். 1991இல் பாடகர் கிரஹாம் நாஷ் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். ஐரிஸ் என்ற மை தெளிக்கும் எந்திரத்தை அவர் 1,26,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். அச்சுத் தொழிலில் சோதனைப் படி எடுக்கச் செய்த எந்திரம் அது, அதைப் பருத்தித் தாளுக்குப் பழக்கினார்கள். அங்கிருந்து வந்ததுதான் இன்று ஜிக்லே என்று விற்கப்படும் வகை. தொடக்க கால மைகள் சில ஆண்டுகளிலேயே வெளிறிப்போயின. இன்று நிறமி மையும் அமிலமற்ற பருத்தித் தாளும் சேர்ந்தால் நூறாண்டு தாண்டும் என்று சோதனைகள் சொல்கின்றன. அன்றைய ஐரிஸின் விலையில் ஒரு சிறு பகுதிக்கு, அதைவிடத் துல்லியமான எந்திரம் சென்னையிலும் மதுரையிலும் கிடைக்கிறது.

இதில் கிடைத்தது கொஞ்சம் அல்ல. முன்பு ஒரு பதிப்பு போட வேண்டுமென்றால் பட்டறை வேண்டும், அமிலம் வேண்டும், டன் கணக்கில் எடையுள்ள எந்திரம் வேண்டும், ஐம்பது பிரதியையும் முதலிலேயே எடுத்து வைக்கப் பணம் வேண்டும். இன்று கும்பகோணத்தில் இருக்கும் ஓர் இளம் ஓவியர் ஒரு பிரதிக்கு ஆர்டர் வந்தால் ஒரு பிரதி எடுக்கலாம். சில ஆயிரம் ரூபாயில் ஓர் ஆசிரியர் வீட்டுச் சுவருக்கு நல்ல படம் ஒன்று வருகிறது. ரவிவர்மா விரும்பியதும் இதைத்தான். இப்படங்களை மட்டம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இந்தப் படங்கள் பிறக்கும் கணினிக் கோப்பு தேய்வதில்லை. முதல் பிரதியும் ஆயிரமாவது பிரதியும் ஒன்றே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வேறுபாடு சொல்ல இடமில்லை. கோப்பை அழித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், வெட்டிய தகட்டைப்போல அதைக் காட்ட வழியில்லை. 1/25 என்பதற்குப் பின்னால் இருப்பது ஒருவர் சொன்ன சொல் மட்டுமே. அந்தச் சொல்லும் நெளிகிறது. ஒரே படம் சிறிய தாளில் 25, பெரிய தாளில் 25, கேன்வாஸில் பத்து என்று மூன்று பதிப்பாகிறது. ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழ் மூன்றுக்கும் உண்டு. 2021இல் டேமியன் ஹர்ஸ்ட் செர்ரிப் பூப் படங்கள் எட்டை, ஒன்று 3,000 டாலர் என்று சில நாள் மட்டும் விற்பனைக்குத் திறந்துவிட்டார். எத்தனை பேர் கேட்டார்களோ அதுதான் பதிப்பின் அளவு. 7,000க்கும் மேல் போயிற்று. பேரலையின் எண்ணிக்கையை எட்டும் அளவு, ஆனால் எண்ணும் கையெழுத்தும் உண்டு.

சொல் எவ்வளவு தூரம் நெளியலாம் என்பது நீதிமன்றத்துக்கும் போனது. மெம்ஃபிஸைச் சேர்ந்த வில்லியம் எகிள்ஸ்டன், வண்ணப் புகைப்படத்தைக் கலையாக ஏற்கவைத்தவர்களில் முதன்மையானவர். அவருடைய பழைய பிரதிகள் டை டிரான்ஸ்ஃபர் என்ற முறையில், சாயத்தைத் தாளுக்கு ஒவ்வொன்றாக மாற்றி எடுத்தவை. கோடாக் அதற்கான பொருள்களைத் தயாரிப்பதை 1990களில் நிறுத்திவிட்டது, இனி அப்படி எடுப்பது அரிது. 2012 மார்ச்சில் அதே படங்களில் சிலவற்றை அவர் மிகப் பெரிய டிஜிட்டல் பிரதிகளாக எடுத்து கிறிஸ்டீஸில் விற்றார். 36 பிரதிகளுக்கு 59 லட்சம் டாலர் கிடைத்தது. பழைய பிரதிகளை வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், வரம்பிட்ட பதிப்பு என்றுதானே விற்றீர்கள் என்று வழக்குப் போட்டார். அளவும் முறையும் வேறு, ஆகவே இது வேறு பதிப்பு என்று சொல்லி அடுத்த ஆண்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது நியூயார்க் நீதிமன்றம். பிரான்ஸ் இதில் கறாராக இருக்கிறது. அங்கே ஒரு புகைப்படம் கலைப்பொருள் என்ற வரிச்சலுகை பெற வேண்டுமானால், எல்லா அளவும் எல்லாத் தாளும் சேர்த்து 30 பிரதிகள்தான். அந்த 'எல்லாம் சேர்த்து' என்பதை நம் கேலரிகளும் ஏற்றுக்கொண்டால் வாங்குபவருக்குப் பாதித் தயக்கம் தீரும்.

நம் பட்டறைகளில் இன்னொரு சிக்கல் உண்டு, பலர் பேசுவதில்லை. ஒரு மாணவர் எட்சிங் செய்து 2/10 என்று எழுதுகிறார். உண்மையில் நான்கு பிரதிகள்தான் எடுத்திருப்பார். தாளுக்குக் காசில்லை, வாங்க ஆளில்லை, கல்லூரி முடிந்து எந்திரம் கைவிட்டுப் போயிற்று. மிச்சம் ஆறு பிறக்கவே இல்லை. இருபது ஆண்டு கழித்து அவர் பெயர் எடுத்தால், அந்த ஆறையும் அப்போது எடுக்கலாமா? தகடு பரணில் கிடந்தால் வாரிசுகள் எடுக்கலாமா? எடுத்தால் அதில் கையெழுத்து யாருடையது? ரெம்பிராண்டின் தகடுகளில் பல அவருக்குப் பிறகு கைமாறிக் கைமாறி, இருபதாம் நூற்றாண்டு வரை அச்சுக்கு வந்துகொண்டே இருந்தன. அவர் பெயரில் இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல அப்படி வந்தவை.

இந்தக் குழப்பங்களைத் தீர்க்கப் பெரிய நிறுவனம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு பதிவேடு போதும். படத்தின் பெயர், தகடா கட்டையா கோப்பா, எந்தத் தாள், எந்தத் தேதியில் எத்தனை பிரதி, கலைஞர் வைத்துக்கொண்டது எத்தனை, அச்சிட்டவர் யார், தகடு எப்போது கீறப்பட்டது, கீறவில்லை என்றால் இப்போது யாரிடம் இருக்கிறது. வாங்குபவரும் சான்றிதழின் ஹாலோகிராமைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்க ஆரம்பித்தால் எழுத ஆரம்பிப்பார்கள்.